மூன்றாம் தொட்டித் தண்ணீர்

எனக்கு ஈரத் துண்டு ஆகாது. ஒருவர் முகம் துடைத்துப் போட்ட துண்டை இன்னொருவர் எடுத்துத் துடைப்பதைப் பார்த்தாலே வயிற்றைப் பிரட்டும். இங்கே எனக்குக் கொடுத்திருக்கும் துண்டு நன்றாகக் காய்ந்திருக்கிறது, சோப்பும் பிரிக்காத சோப்பு. அதற்கு முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். மற்றதை நீங்கள் கேட்டபடியே ஒன்று விடாமல் சொல்கிறேன், நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

பண்ணையில் என் முதுகுக்குப் பின்னால் என்னைச் சோப்பு என்பார்கள். "சோப்பு வருது, கையக் கழுவுங்கடா" என்று ஆட்கள் சிரிப்பது என் காதில் விழும். நான் கண்டுகொண்டதில்லை. அது இறால் குஞ்சு பொரிக்கும் இடம். கடல் தண்ணீரைக் குழாயில் இழுத்துத் தொட்டிகளில் நிரப்பி, தாய் இறாலை முட்டையிட வைத்து, குஞ்சு ஓரளவு தேறியதும் குளம் வைத்திருப்பவர்களுக்கு அனுப்புவோம். பண்ணை என் மாமனாருடையது. நான் மூத்த மருமகன், கிருமிகளைப் பற்றிப் படித்தவன். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த வீட்டோடு இருந்து, பண்ணையின் தண்ணீரைப் பார்த்துக்கொண்டேன். குஞ்சு பிழைப்பதும் சாவதும் தண்ணீரில்தான் இருக்கிறது. அதனால் பண்ணையே என் கையில் இருந்தது என்று சொன்னால் அது தற்பெருமை ஆகாது.

தொட்டிச் சுவரில் சளி மாதிரி ஒரு வழுவழுப்பு படிந்திருக்கும். அதைத் தொட்டுவிட்டு உங்கள் ஆள் ஒருவர் கால்சட்டையில் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். எனக்கும் அது அருவருப்புதான், இத்தனை வருடத்தில் பழகவே இல்லை. ஆனால் பண்ணைக்குக் காவல் அந்தச் சளிதான். அதில் கோடிக்கணக்கான கிருமிகள் குடியிருக்கின்றன, பெரும்பாலும் சாது. கடல் தண்ணீரோடு கெட்ட கிருமியும் தினமும் கொஞ்சம் உள்ளே வரும். எவ்வளவு வடிகட்டினாலும் வரும். வந்தது பெருகவேண்டியதுதானே என்று கேட்பீர்கள். பெருகாது. உள்ளே இருப்பவை அடித்துக் கொன்றுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அடிதடியும் உண்டு, ஆனால் பெரும்பாலும் விஷயம் சாப்பாடுதான்.

எல்லாக் கிருமிக்கும் இரும்பு வேண்டும். கடல் தண்ணீரில் இரும்பு இருக்கிறது என்று பேர்தான், தேடித் தேடித்தான் எடுக்கவேண்டும். ஏற்கெனவே குடியிருப்பவை அதைப் பிடிப்பதற்கென்றே ஒரு சரக்கைக் கக்கி, கிடைத்ததையெல்லாம் வழித்துத் தின்றுவிடும். புதிதாக வந்தவன் சட்டியைத் திறந்து பார்ப்பான், ஒன்றும் இருக்காது. இடம் இருக்கும், தண்ணீர் இருக்கும், வேறு தீனிகூட இருக்கும். அவனுக்கு வேண்டிய அந்த ஒன்று மட்டும் இருக்காது. யாரும் அவனைத் தொடமாட்டார்கள். அவனாகவே சுருண்டு போவான்.

தொட்டியில் எத்தனை வகை கிருமி இருக்கிறது என்பதுகூட அவ்வளவு முக்கியமில்லை. வருகிறவன் தின்பதையே தின்கிறவன் ஒருவன் அங்கே இருக்கிறானா என்று பார்க்கவேண்டும். இருந்தால் தொட்டி பிழைத்தது. இல்லையென்றால், அல்லது எவனாவது கூடுதலாகத் தீனியைக் கொண்டுவந்து கொட்டினால், வந்தவன் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். இதை நான் ஏன் இவ்வளவு விளக்குகிறேன் என்றால், நேற்று நீங்கள் என்னிடம் "எப்படி விஷம் வைத்தாய்" என்று கேட்டீர்கள். விஷம் எதுவும் வைக்கவில்லை.

என் மாமனார் பேச்சில் மகா கஞ்சன். அவர் வாயிலிருந்து ஒரு "ம்" வந்தால் எங்கள் வீட்டில் அது பாராட்டு. தினமும் காலையில் தொட்டிகளை ஒட்டி நடந்து வருவார். ஆய்வறை வாசலில் நின்று, "தண்ணி எப்படி இருக்கு மாப்ள?" என்பார். நான் சொல்வேன். "ம்" என்றுவிட்டுப் போவார். அந்தக் கேள்வியை அவர் வேறு யாரிடமும் கேட்டதில்லை. அதற்காகத்தான் நான் அந்த நாற்றத்தில் கிடந்தேன். என் அப்பா என்னிடம் எதையும் கேட்டதில்லை, அதனால் எனக்கு அது பெரிய விஷயமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது.

மாமாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெறுங்கையை முழங்கைவரை தொட்டிக்குள் விட்டுச் சுவரைத் தடவிப் பார்ப்பார். மெல்லிசாக வழுக்கினால் தண்ணீர் நன்றாக இருக்கிறது, நூல் நூலாகக் கையோடு வந்தால் கெட்டுவிட்டது. தொட்டியைப் பார்த்துக்கொள்கிறவன் எவனும் காலையில் முதல் வேலையாக அதைச் செய்யவேண்டும் என்பது பண்ணையின் சட்டம் மாதிரி. வந்த புதிதில் என்னையும் செய்யச் சொன்னார். செய்தேன். கையை வெளியே எடுத்ததும் வடிகால் பக்கம் ஓடிப்போய்க் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன். அதற்குப் பிறகு நான் குப்பியில் தண்ணீர் எடுத்து ஆய்வறையில் சோதித்தேன். என் கணக்கு தப்பியதே இல்லை. ஆனாலும் "ம்" சொல்லிவிட்டுப் போகிறபோது, நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு தடவை கையை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அப்போதுதான் சகலை வந்தான். என் மனைவியின் தங்கை புருஷன். படகு இஞ்சின், தண்ணீர் பம்ப்பு எல்லாம் பழுது பார்க்கிறவன். மாமா கூப்பிட்டார் என்று மச்சினியையும் ஒரு கருவிப் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கினான். ஆட்கள் அவனுக்குப் பம்ப்பு என்று பேர் வைத்துவிட்டார்கள், அவன் முகத்துக்கு நேரேயே கூப்பிடுவார்கள், அவனும் "என்னடா" என்பான். கெட்டவன் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவனோடு ஒரே மேசையில் சாப்பிட்டுப் பாருங்கள். விரல் ஐந்தையும் அடிவரைக்கும் நக்குவான். நகத்தால் பல்லைக் குத்தி, வந்ததைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு மறுபடி வாயில் போட்டுக்கொள்வான். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு சிரிப்பான், உள்ளே அரைபடுவது எனக்குத் தெரியும். முதல் நாளே குளித்துவிட்டு என் துண்டை எடுத்துத் துடைத்தான். நான் பார்த்த பார்வையைப் பார்த்துவிட்டு, "துண்டுல என்னண்ணே இருக்கு? நாம என்ன வேத்து ஆளா?" என்றான். அக்குளைத் துடைத்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுத்தான். அதை நான் குச்சியால் எடுத்துக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் காலை மாமா அவனை மூன்றாம் தொட்டிக்குக் கூட்டிப்போனார். சொல்லிமுடிப்பதற்குள் அவன் சட்டையோடு தோள்வரைக்கும் கையை உள்ளே விட்டுவிட்டான். சளியை அள்ளி முகர்ந்து பார்த்து, "மாமா, உங்க சின்ன மக கன்னம் மாதிரி இருக்கு மாமா" என்றான். மாமா சிரித்தார். மாமாவுக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆட்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், இல்லையென்றால் நன்றாக இருக்காது.

பிறகு மாமா காலையில் அவனிடம் கேட்க ஆரம்பித்தார். "தண்ணி எப்படி இருக்கு மாப்ள?" அவன் கையை உதறிக்கொண்டே, "ஜோரா இருக்கு மாமா" என்பான். பாதி நாள் அவன் சொன்னது தப்பு. ஜோராக இல்லாத தண்ணீரை நான்தான் சத்தமில்லாமல் மாற்றினேன், அதனால் தப்பு யாருக்கும் தெரியவில்லை. ஆய்வறை வாசலில் மாமா நிற்பது குறைந்தது. நின்றாலும் "வேற ஒண்ணும் இல்லையே?" என்பார், அவ்வளவுதான். மாப்ள என்று அவர் கூப்பிட்டால் நான் திரும்புவேன், கூப்பிட்டது அவனை. என்னைப் பெரியவர் என்று சொல்ல ஆரம்பித்தார். ஓய்வு கொடுக்கப் போகிற ஆளைச் சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு.

என் மனைவிகூடச் சொன்னாள், "என்னங்க, அவன் வந்ததுல உங்களுக்கும் கொஞ்சம் மூச்சு விட நேரம் கெடைக்குதுல்ல?" கிடைக்கிறது என்றேன். அவளிடம் வேறு என்ன சொல்வது? சட்டி காலியாகிக்கொண்டிருந்தது, வழித்துக்கொண்டிருந்தவன் நான் இல்லை.

கொஞ்ச நாளில் மூன்றாம் தொட்டியை முழுக்க அவன் பொறுப்பில் விட்டார்கள். பண்ணையிலேயே நல்ல தாய் இறால்கள் அதில்தான் இருந்தன. அந்தத் தொட்டி கெட்டால் கை வைத்துப் பார்க்கிற லட்சணம் என்னவென்று மாமாவுக்குப் புரியும், அவன் தன் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இஞ்சினுக்கே திரும்பிப் போவான். என் எண்ணம் அவ்வளவுதான். அத்தை தோட்டத்தில் இலை வெளுத்துப்போனால் போடுகிற இரும்பு மருந்து ஒன்று பொட்டலமாக இருந்தது. அதைக் கரைத்து, ஆட்கள் டீ குடிக்கப் போகிற நேரமாகப் பார்த்து, மூன்றாம் தொட்டியில் ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். கிருமி எதையும் நான் கொண்டுவரவில்லை, அது தினமும் தானாக வந்துகொண்டுதான் இருந்தது. வந்தவனுக்குக் கொஞ்சம் தீனி வைத்தேன்.

அவன் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டான், அதைச் சொல்லவேண்டும். ஆய்வறைக்குள் கையில் சொட்டச் சொட்ட வந்து நின்றான். விரலிலிருந்து கோழை மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. "அண்ணே, நூல் நூலா வருதுண்ணே. நீங்க ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன். மாமாகிட்ட இப்ப சொல்லவேணாம், பயந்துடுவாரு" என்றான். நான் குப்பியில் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். ஒழுங்காகத்தான் சோதித்தேன், எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. அந்தக் கெட்ட கிருமி கொழுத்துப்போய் மற்றதையெல்லாம் ஓரத்துக்குத் தள்ளியிருந்தது. நான் அவனிடம், "நல்லாத்தான் இருக்கு. உனக்குக் கை மரத்துப்போச்சு" என்றேன். அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "நீங்க இருக்கீங்கன்னுதான் தைரியமா இருக்கேண்ணே" என்று ஈரக்கையோடு என் தோளில் தட்டிவிட்டுப் போனான். சட்டையை மாற்றிக்கொண்டேன்.

அடுத்த நாள் நாற்றம் வந்தது. அழுகின முட்டையும் பழைய இரத்தமும் கலந்த மாதிரி. தாய் இறால்கள் பால் நிறமாக வெளுத்து, பக்கவாட்டில் சாய்ந்து, ஓடு தளர்ந்து மிதந்தன. விரலால் தொட்டால் ஓட்டுக்குள்ளிருந்து கூழாக வழிந்தது. தண்ணீர் மேல் ஒரு நுரை, எச்சில் நுரை மாதிரி. இப்போது சொல்லும்போதே எனக்குக் குமட்டுகிறது, கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

அவன் அந்த நேரத்தில் தாய் இறாலுக்குத் தீனியாகக் கணவாய் வெட்டிக்கொண்டிருந்தான். அந்தக் கத்தியின் பிடி ஆடிக்கொண்டிருந்தது. புதுக் கத்தி என் அலமாரியில் இருந்தது. கொடுக்க மறந்துவிட்டேன் என்று முந்தாநாள் உங்களிடம் சொன்னேன். மறக்கவில்லை. அவன் கேட்டான், அப்புறம் தருகிறேன் என்றேன், பிறகு தரவில்லை. அவன் கை வெட்டுப்படவேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்டீர்கள். நினைக்கவில்லை. பட்டால் படட்டும் என்று இருந்தேன். தொட்டிப் பக்கம் கூச்சல் கேட்டு அவன் திரும்பியபோது கத்தி நழுவி உள்ளங்கையில் ஆழமாக இறங்கிவிட்டது. வாயில் வைத்து இரத்தத்தை உறிஞ்சித் துப்பிவிட்டு, இஞ்சின் துடைக்கிற பஞ்சைச் சுற்றிக்கொண்டு ஓடினான்.

போகிற வழியில் என்னைப் பார்த்து, "அண்ணே, கையுறை இருக்கா?" என்றான். கையுறை இருந்தது. போட்டுவிட்டு ஈரத்தோடு திருப்பி வைக்கிறார்கள் என்பதால் நான்தான் பெட்டியோடு உள்ளே வைத்துப் பூட்டியிருந்தேன். "தீந்துபோச்சு" என்றேன். "அட விடுங்க, கை என்ன கரைஞ்சா போயிடும்" என்று பஞ்சைப் பிய்த்துப் போட்டுவிட்டு, தோள்வரைக்கும் அந்தக் கூழில் கையை விட்டுச் செத்ததையெல்லாம் வாரி வாரி வெளியே போட்டான். பிழைத்திருப்பதையாவது காப்பாற்றலாம் என்று நினைத்தான், பாவம். மாமா பின்னால் நின்று, "போதும்டா, தள்ளி வா" என்று கத்தினார். அவன் வரவில்லை.

நம் உடம்பும் ஒரு விதத்தில் அந்தச் சளியைப் போலத்தான். இரத்தத்தில் இரும்பு நிறைய உண்டு, ஆனால் உடம்பு அதை எவனுக்கும் கிடைக்காதபடி பூட்டி வைத்திருக்கும். சாதாரணமாகக் கிருமி அந்தப் பூட்டோடு மல்லுக்கட்டிச் சோர்ந்துபோகும். கொழுத்த கிருமி கோடிக்கணக்கில் ஆழமான வெட்டில் புகுந்தால் கதை வேறு. இது எனக்குத் தெரியும். அவன் கையை விட்டபோதே தெரியும். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அன்று சாயங்காலமே காய்ச்சல். மறுநாள் காலை கை தோள்வரைக்கும் வீங்கிப்போய், தோல் ஊதா நிறமாகி, கறுப்புக் கொப்புளங்கள் எழும்பியிருந்தன. அறைக்குள் நுழையவே முடியவில்லை, அந்தத் தொட்டியின் நாற்றம் அவன் மேலேயே அடித்தது. மச்சினி என் காலைப் பிடிக்காத குறை. "அத்தான், நீங்கதான் கிருமியப் படிச்சவரு. நீங்க கூட வாங்க அத்தான், டாக்டருக்கு நீங்க சொன்னாத்தான் புரியும்" என்றாள். போனேன். வண்டியில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டேன்.

இனிமேல் சொல்லப்போவதை நீங்கள் ஏற்கெனவே டாக்டரிடம் கேட்டுவிட்டீர்கள், ஆனாலும் என் வாயால் வரவேண்டும் என்றீர்கள். மாமா சேர்க்கைச் சீட்டு வாங்கப் போயிருந்தார். மச்சினி திரைக்கு உள்ளே அவன் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவன் ஏதோ பம்ப்பு ஓடுகிறதா என்று உளறிக்கொண்டிருந்தான். டாக்டர் வெளியே வந்தார், சின்ன வயசு, கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நேராக என்னைப் பார்த்து, "இவரு என்ன வேலை பாக்கிறாரு? கையில கடல் தண்ணி, மீன், இறால் ஏதாச்சும் பட்டுச்சா? யோசிச்சு சொல்லுங்க, மருந்து அதுக்குத் தகுந்த மாதிரி மாறும்" என்றார்.

ரொம்ப நாள் கழித்து ஒருவர் என்னிடம் கேட்டார். தண்ணீரைப் பற்றி, என்னிடம். ஒரு நிமிஷம் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இல்ல டாக்டர். இஞ்சின் மெக்கானிக். துருப்பிடிச்ச தகரம் கிழிச்சிடுச்சு" என்றேன். அவர் தகரத்துக்குத் தகுந்த ஊசியையும் மருந்தையும் எழுதினார். என்ன மருந்து எழுதியிருக்கவேண்டும் என்று எனக்குத் தெரியும், அந்தப் பெயர் நாக்கு நுனியில் இருந்தது. மாமா திரும்பி வந்து, "என்ன சொன்னாரு மாப்ள?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார். "ஊசி போடுறாங்க மாமா, சரியாயிடும்" என்றேன். "ம்" என்றார். கையை வெட்டி எடுக்கலாமா என்று அவர்கள் பேச ஆரம்பித்தபோது நேரம் கடந்துவிட்டது. அடுத்த நாள் இருட்டுவதற்குள் அவன் போய்விட்டான். மச்சினி அவன் மார்பில் விழுந்து புரண்டாள், அந்தக் கையையே எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். எப்படி முடிந்ததோ அவளால். நான் தாழ்வாரக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

புண்ணிலிருந்து எடுத்ததைச் சோதித்த முடிவு அவன் போன பிறகுதான் வந்தது, அதில் கடல் கிருமி இருந்தது. சின்ன டாக்டருக்கு என் முகம் ஞாபகம் இருந்திருக்கிறது. அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நன்றாக வேலை பார்க்கிறவர்.

நேற்று நீங்கள் ஒன்று சொன்னீர்கள். பண்ணைக்குப் பின்னால் இரண்டாவது வரிசைத் தொட்டிகளுக்கு மாமா இடம் அளந்து வைத்திருந்தாராம். "பெரிய மாப்ள தண்ணியப் பாக்கட்டும், சின்னவன் மோட்டாரைப் பாக்கட்டும், ரெண்டு பேருக்கும் தாராளமா இருக்கு" என்று அத்தையிடம் சொல்லியிருந்தாராம். சின்னவனைக் கூப்பிட்டதே, "பெரியவன் ஒத்தை ஆளா நாத்தத்துல கெடந்து அல்லாடுறான், அவனுக்குத்தான் அருவருப்பா இருக்கே, பாவம்" என்றுதானாம். அதைச் சொல்லிவிட்டு நீங்கள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள், நான் அழுவேன் என்று நினைத்தீர்கள் போல. ராத்திரி முழுக்க யோசித்தேன். மாமா அப்படிச் சொல்லியிருக்கமாட்டார். அவர் அவ்வளவு பேசுகிற ஆளே இல்லை. துக்கத்தில் அத்தை ஏதோ சேர்த்துச் சொல்கிறாள்.

ஒரே ஒரு விஷயம் நீங்கள் பண்ணைக்குச் சொல்லி அனுப்பவேண்டும். மூன்றாம் தொட்டியைத் தேய்த்துக் கழுவவேண்டாம். பயந்துபோய் மருந்தடித்து வழித்துவிட்டார்கள் என்றால் சுவர் வெறுமையாகிவிடும், வெறுமையான சுவரில் எவன் வேண்டுமானாலும் வந்து உட்காருவான். இதெல்லாம் மாமாவுக்கு யார் சொல்வார்கள்? இதுவரை அவர் என்னைப் பார்க்க வரவில்லை. காரியமெல்லாம் முடியட்டும் என்று இருக்கிறார். எப்படியும் வருவார். அந்தக் கம்பிக்கு வெளியே நின்று, தண்ணி எப்படி இருக்கு மாப்ள என்று கேட்பார். கேட்பதற்கு இப்போது அவருக்கு நான் ஒருவன்தானே இருக்கிறேன்.